திருப்பிக் கொடுத்த ஐம்பது டாலர்

2019 வசந்த காலத்தில் சியாட்டில் நகர நிர்வாகத்திடமிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. உள்ளே நான்கு சீட்டுகள், ஒவ்வொன்றும் 25 டாலர் மதிப்பு. அதைக் கடையில் கொடுத்து எதுவும் வாங்க முடியாது. வங்கியில் போட முடியாது. யாருக்காவது விற்றால் சட்டப்படி தப்பு. நகரத் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளரின் பெயரை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அவருடைய பிரசாரச் செலவுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். டெமாக்ரசி வவுச்சர் என்று பெயர்.

அப்போது எனக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. கிரீன் கார்டுதான். ஓட்டுப் போட முடியாது. ஆனால் நான் குடியிருக்கும் வட்டாரத்துக் கவுன்சிலராக யார் வர வேண்டும் என்பதற்காக நகரத்தின் நூறு டாலரை என் விருப்பப்படி கொடுக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு இந்தச் சீட்டு தானாகவே வீட்டுக்கு வந்துவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்தான் விண்ணப்பம் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் கிளை நூலகத்தில் ஒரு மேசையின் மேல் அந்த விண்ணப்பம் அடுக்கி வைத்திருந்தார்கள். மகனுக்குப் புத்தகம் எடுக்கப் போன இடத்தில் அதைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து நிரப்பினேன்.

இந்தத் திட்டம் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மக்களே கையெழுத்துத் திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 2015 நவம்பரில் வாக்காளர்கள் அதை ஜெயிக்க வைத்தார்கள். சொத்து வரியிலிருந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர், பத்து ஆண்டுகளுக்கு. 2017 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் எந்த ஊரிலும் இப்படி ஒன்று கிடையாது. 'என் வரிப் பணம் எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு ஏன் போக வேண்டும்' என்று சொத்து வைத்திருந்த இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில், சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

சீட்டு வந்து சில வாரங்கள் அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. பெரும்பாலானவர்களின் சீட்டு அப்படியே குப்பைக்குத்தான் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை, தூறலில் நனைந்துகொண்டு ஒரு பெண் கதவைத் தட்டினார். கையில் அட்டை, அதில் ஒரு பேனா கயிற்றில் கட்டித் தொங்கியது. வாடகைக்குக் குடியிருப்பவர்களின் சங்கத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் வட்டாரத்துக் கவுன்சில் இடத்துக்கு நிற்கிறேன் என்றார். வவுச்சர் வாங்கத் தகுதி பெற வேண்டுமென்றால் முதலில் குறைந்தது 150 பேரிடம் சிறு நன்கொடையும் கையெழுத்தும் வாங்க வேண்டுமாம். 'நான் இன்னும் 60ஐத் தாண்டவில்லை' என்றார்.

எனக்கு ஓட்டு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று. அவர் போகவில்லை. வாசலிலேயே நின்று பஸ் வசதி, வாடகை, நடைபாதை இல்லாத தெரு என்று இருபது நிமிடம் பேசினார். அமெரிக்காவுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதவிக்கு நிற்கும் ஒருவர் என் வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டது அதுவே முதல்முறை. அவருக்கு அதில் லாபமும் இருந்தது: என்னிடம் ஓட்டு இல்லாவிட்டாலும் நான்கு சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவர் எங்கள் குடியிருப்புக்கு வந்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். வாடகை வீடுகள், பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை, நன்கொடை கொடுக்கும் வழக்கமும் இல்லை. பிரசாரக் கணக்குப்படி பார்த்தால் இது தாண்டிப் போக வேண்டிய தெரு.

அமெரிக்காவில் வேட்பாளர்கள் வழக்கமாகத் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த இருபது நிமிடத்தின் அருமை புரியும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு நாளும் போனும் கையுமாக உட்கார்ந்து பணக்காரர்களைக் கூப்பிட்டு நன்கொடை கேட்கிறார்கள். இதற்கு 'கால் டைம்' என்றே பெயர். அரசாங்கக் கட்டடத்தில் இருந்துகொண்டு நன்கொடை கேட்பது சட்டப்படி தவறு என்பதால், நாடாளுமன்ற வளாகத்தை விட்டு வெளியே நடந்து, பக்கத்தில் இருக்கும் கட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சின்ன அறைகளில் உட்கார்ந்து கூப்பிடுகிறார்கள். 2013ல் புதிதாக ஜெயித்து வந்தவர்களுக்கு ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு காட்டிய மாதிரி அட்டவணை ஒன்று பத்திரிகைகளில் வெளியானது. அதில் ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம் கால் டைம். மக்கள் பிரதிநிதி ஒருவர் தினமும் நான்கு மணி நேரம் ஒரே விதமான ஆட்களின் குரலையே கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு நாட்டில் என்ன பிரச்சினை என்று தோன்றும்? லஞ்சமே வேண்டாம். காதுக்குள் யார் குரல் அதிகம் விழுகிறதோ அவர்கள் கவலைதான் பெரிதாகத் தெரியும்.

நான்கு சீட்டையும் அவருக்கே எழுதிக் கொடுத்தேன். பின்னாலேயே, வார இறுதிகளில் உதவிக்கு வருகிறேன் என்றும் சொன்னேன். எனக்குக் கணக்கு வேலை பழக்கம் என்பதால் பொருளாளருக்கு உதவியாக உட்கார வைத்தார்கள். பொருளாளர் ஓய்வுபெற்ற மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு செக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்த நாட்டுத் தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவருடைய சாப்பாட்டு மேசையில் கற்றதுதான்.

வந்த பணத்தை எழுத சி3 என்று ஒரு படிவம். வரவு செலவு மொத்தத்தையும் சேர்த்துக் காட்ட சி4. ஒவ்வொரு வாரமும் செக்குகளை அடுக்கி, பெயர், முகவரி, தொகை, பெரிய தொகை என்றால் என்ன வேலை, எங்கே வேலை என்பது வரை எழுத வேண்டும். 'மென்பொருள் பொறியாளர்' என்று எழுதிவிட்டு நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதெல்லாம் மாநிலத்தின் பப்ளிக் டிஸ்க்ளோஷர் கமிஷனுக்குப் போகிறது. அந்த அமைப்பும் 1972ல் வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு உருவாக்கியதுதான். அனுப்பிய தகவல் இணையத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் தேடலாம். என் பெயரைத் தேடிப் பார்த்தேன். முதல் நாள் நான் என் கைக்காசிலிருந்து கொடுத்த 25 டாலர் அங்கே இருந்தது. மத்திய அளவிலும் இதே மாதிரிதான். அதிபர் தேர்தலுக்கோ நாடாளுமன்றத் தேர்தலுக்கோ ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர், முகவரி, வேலை எல்லாம் ஃபெடரல் தேர்தல் கமிஷனின் தளத்தில் வந்துவிடும். என் பல் மருத்துவர் யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்றுகூடத் தேடினால் தெரிகிறது. முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போக, இது இல்லாமல் எப்படி என்று தோன்ற ஆரம்பித்தது.

மே மாதத்தில் ஒரு நாள் எங்கள் மாடி வீட்டு அண்ணன் ஒரு செக் கொடுத்தார். என் கணவருக்குக் கல்லூரியில் சீனியர், எங்களுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவர். அவருடைய மகளுக்கு அப்போது 12 வயது, இங்கேயே பிறந்தவள். நடைபாதை இல்லாத எங்கள் தெருவில் அவள் பள்ளிக்கு நடந்து போவதைப் பற்றி அவருக்கு நிரந்தரக் கவலை. எங்கள் வேட்பாளர் நடைபாதையைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் சொன்னதும் உள்ளே போய் 50 டாலருக்கு செக் எழுதி எடுத்து வந்தார். 'நம்மளால ஆனது, வச்சுக்கம்மா' என்றார். நான் சந்தோஷமாக வாங்கி உறையில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பொருளாளர் அந்த செக்கைக் கையில் எடுத்து, 'இவர் குடிமகனா, கிரீன் கார்டா?' என்று கேட்டார். எச்-1பி விசா என்றேன். செக்கை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டார். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. அதிபர் தேர்தலும் சரி, பள்ளிக்கூட வாரியத் தேர்தலும் சரி. தெரிந்தே வாங்கினால் வாங்குபவர் மேலும் குற்றம். சம்பளம் இல்லாமல் வந்து தபால் உறை ஒட்டலாம், கதவு தட்டலாம். ஆனால் பிரசாரப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் பேச்சில் அவர் கலந்துகொள்ளக் கூடாது. இத்தனை நுணுக்கமாகச் சட்டம் இருக்கிறது.

நான் அந்த செக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் 'பதிமூணு வருஷமா டாக்ஸ் கட்டறோமே' என்று ஒரு வார்த்தை சொன்னார். மகள் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 'ஏன் அத்தை, அப்பா செக் செல்லாதா?' என்று கேட்டாள். செல்லும், ஆனால் இதற்குச் செல்லாது என்று ஏதோ சொன்னேன். கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான். என் கணவர் சிங்கப்பூரில் பிறந்தவர். அதனால் எங்களுக்கு இந்தியர்களுக்கான நீண்ட வரிசையில் நிற்க வேண்டி வரவில்லை, கிரீன் கார்டு சீக்கிரம் கிடைத்தது. அந்த ஒரு தற்செயலில்தான் நகரத்தின் நூறு டாலர் என் கைக்கு வந்தது, அவருடைய ஐம்பது டாலர் திரும்பிப் போனது. படி இறங்கும்போது கால் கனத்தது.

அந்தச் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணம் தேர்தலுக்குள் வரக் கூடாது என்பது நியாயமான கவலை. எனக்குப் பிடிபடாதது அடுத்து நடந்தது.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதிபர் நிக்சன் பதவி விலக வேண்டி வந்த வாட்டர்கேட் விவகாரத்தில் பெட்டி பெட்டியாக ரொக்கம் கை மாறியது தெரிய வந்ததும், 1974ல் அமெரிக்க நாடாளுமன்றம் தேர்தல் நிதிச் சட்டத்தைக் கடுமையாக்கியது. நன்கொடைக்கு உச்ச வரம்பு, செலவுக்கும் உச்ச வரம்பு, கண்காணிக்க ஒரு கமிஷன். இரண்டே வருடத்தில், 1976 ஜனவரியில், பக்லி எதிர் வலேயோ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நடுவில் வெட்டியது. வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், ஏனென்றால் அதில் ஊழலுக்கு வழி இருக்கிறது. ஆனால் செலவுக்கு வரம்பு வைக்க முடியாது, ஏனென்றால் இந்தக் காலத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசவே பணம் வேண்டும், செலவைத் தடுத்தால் பேச்சைத் தடுத்த மாதிரி. தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் ஓர் உவமை வருகிறது: செலவுக்கு வரம்பு வைத்துவிட்டுப் பேச்சுக்குத் தடை இல்லை என்பது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கார் ஓட்டிக்கொள், ஆனால் ஒரே ஒரு டாங்க் பெட்ரோல்தான் என்று சொல்வது போல.

அந்த உவமையை நான் பல நாள் மனதில் உருட்டிப் பார்த்தேன். அதில் உண்மை இருக்கிறது. எங்கள் வேட்பாளருக்கு ஒரு தடவை வட்டாரம் முழுக்கத் தபாலில் அட்டை அனுப்பவே பல ஆயிரம் டாலர் ஆனது. பணம் இல்லாமல் யார் காதிலும் எதுவும் விழாது. ஆனால் சாலை ஒன்றுதான். சிலரிடம் ஆயிரம் லாரி பெட்ரோல் இருந்து, மற்றவர்களிடம் கார்கூட இல்லை என்றால், அந்தச் சாலையில் யாருக்கு இடம் இருக்கும்? அந்தக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஒருவரின் பேச்சு ஓங்கிக் கேட்க வேண்டும் என்பதற்காக இன்னொருவரின் பேச்சை அடக்குவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இன்று வரை ஏற்கவில்லை.

2010 ஜனவரியில் வந்த சிட்டிஸன்ஸ் யுனைடெட் தீர்ப்பு அதிலிருந்து முளைத்ததுதான். ஹிலாரி கிளிண்டனைப் பற்றி ஒரு படம் எடுத்த அமைப்பு தொடுத்த வழக்கு. 5க்கு 4 என்ற கணக்கில், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு சேராமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் தேர்தலுக்குச் செலவழிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு கீழ் நீதிமன்றம் ஒன்று இன்னொரு படி போக, வேட்பாளரோடு சேராமல் வரம்பே இல்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கும் 'சூப்பர் பாக்' என்ற வகை அமைப்பு பிறந்தது. வேட்பாளரின் கணக்கில் நேராகப் போடுவதற்கு மட்டும் வரம்பு அப்படியே இருக்கிறது. 2024ல் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,300 டாலர்தான் கொடுக்கலாம். முதல் சுற்றான பிரைமரிக்கு ஒன்று, நவம்பர் தேர்தலுக்கு ஒன்று. அதே 2024ல் ஈலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் அந்தத் தேர்தலுக்காகக் கொட்டினார், பெரும்பகுதி அவரே தொடங்கிய சூப்பர் பாக் வழியாக. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் நடக்கிறது. முன்வாசலில் பூட்டு, பக்கத்துச் சுவரையே காணோம். இதில் சில லாப நோக்கற்ற அமைப்புகள் தங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லவே தேவையில்லை. 25 டாலருக்கு என் பெயர் இணையத்தில் இருக்கிறது, கோடிகளுக்குச் சொந்தக்காரர் பெயர் இல்லை.

சரி, 2019க்கு வருகிறேன். எங்கள் வேட்பாளர் ஆகஸ்ட் பிரைமரியிலேயே தோற்றுப் போனார். சியாட்டில் நகரத் தேர்தலில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் கிடையாது. பிரைமரியில் முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் நவம்பருக்குப் போவார்கள். இவர் அந்த இரண்டில் வரவில்லை. முடிவு வந்த இரவு பொருளாளர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டோம். மறு வாரமே மிச்சக் கணக்கை முடிக்க நான் மறுபடி அதே மேசைக்குப் போனேன். தோற்றாலும் சி4 எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்டோபரில்தான் அந்தச் செய்தி. ஏழு கவுன்சில் இடங்களுக்கு நடந்த தேர்தலில், வர்த்தக சபை நடத்திய அரசியல் குழுவுக்கு அமேசான் ஒரே தவணையில் பத்தரை லட்சம் டாலர் கொடுத்தது. அந்த ஆண்டு முன்பே கொடுத்ததையும் சேர்த்தால் பதினாலரை லட்சம். பொருளாளர் அதே வெளிப்படைத் தளத்தில் அந்த வரியைத் திறந்து எனக்குக் காட்டினார். என் 25 டாலருக்கு இருந்த அதே மாதிரி ஒரு வரிதான். பெயர், முகவரி, தேதி, தொகை. எண்ணில்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் அப்போது ஓர் ஆண்டுக்கு மொத்த வவுச்சர் திட்டத்துக்கும் ஒதுக்கிய வரிப் பணமே 30 லட்சம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வகைச் செலவு வந்துவிட்டால், வவுச்சர் வாங்கும்போது செலவு வரம்புக்கு ஒத்துக்கொண்ட வேட்பாளர்கள் அந்த வரம்பிலிருந்து விடுவிக்கக் கேட்கலாம். அந்த ஆண்டு பலர் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். வரம்பு என்ற ஏற்பாடே கரைந்துபோனது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அண்ணனின் செக். அந்த நிறுவனத்தின் பங்குகள் உலகம் முழுக்க இருக்கிறவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் இந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. அவர்களுடைய பணமும் கலந்த அந்தப் பதினாலரை லட்சம் உள்ளே வரலாம். பதிமூன்று வருடமாக இங்கே வாடகையும் வரியும் கட்டி, மகளை இந்தத் தெருவில் பள்ளிக்கு அனுப்புகிறவரின் ஐம்பது டாலர் வரக் கூடாது.

அந்தத் தேர்தலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வர்த்தக சபைக் குழு ஆதரித்தவர்களில் ஏழுக்கு இரண்டு பேர்தான் ஜெயித்தார்கள். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், அந்தப் பணத்தின் முக்கிய இலக்காக இருந்தவர், முதல் நாள் எண்ணிக்கையில் நன்றாகவே பின்தங்கியிருந்தார். இங்கே எல்லோரும் தபாலில்தான் ஓட்டுப் போடுகிறோம். கடைசி நாள் பெட்டியில் விழும் ஓட்டுகளை எண்ண நாட்கள் ஆகும். நாளுக்கு நாள் இடைவெளி குறைந்து, வார இறுதியில் அவர் ஜெயித்துவிட்டார். இதைக் காட்டிப் பணத்தால் ஒன்றும் ஆகாது என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். 2020ல் மைக்கேல் ப்ளூம்பெர்க் சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலர் செலவழித்து அமெரிக்கன் சமோவாவில் மட்டும் ஜெயித்ததையும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அவர்கள் பார்ப்பது கடைசி நாளை மட்டும். பணம் தன் வேலையைச் செய்வது அதற்கு ரொம்ப நாள் முன்னால்: யார் நிற்கலாம், யார் நிற்கவே யோசிக்க மாட்டார், ஜெயித்த பிறகு யாருடைய போனை முதலில் எடுப்பார் என்பதில். எங்கள் வேட்பாளர் வவுச்சர் இல்லாவிட்டால் நின்றிருக்கவே மாட்டார். அவரே சொன்னது. அவர் தோற்றதைவிட அவர் நிற்க முடிந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2020 ஜனவரியில் சியாட்டில் கவுன்சில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பங்குதாரர் ஒருவர் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது வெளிநாட்டவர் எல்லோரும் சேர்ந்து ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் நகரத் தேர்தலில் செலவழிக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் கூடாது என்ற அதே விதிதான், இந்தத் தடவை பெரிய கதவிலும் மாட்டினார்கள். செய்தியை அச்செடுத்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, 'பரவால்லம்மா, எனக்கும் அவங்களுக்கும் இப்ப ஒரே சட்டம்' என்றார். அன்றைக்குக் காபி கொடுத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

இன்னொரு விஷயம். அண்ணன் இந்த நாட்டுத் தேர்தலுக்குச் சட்டப்படி கொடுக்கக்கூடிய பணம் ஒன்றே ஒன்று உண்டு. வருமான வரிப் படிவம் 1040ன் முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: அதிபர் தேர்தல் நிதிக்கு மூன்று டாலர் போகட்டுமா? டிக் செய்தால் நம் வரி ஒரு பைசாகூட அதிகமாகாது, அரசாங்கம் நாம் கட்டும் வரியிலிருந்தே எடுத்து வைக்கும். இங்கே குடியிருப்பவராக வரி கட்டும் எவரும் டிக் செய்யலாம், விசாவில் இருந்தாலும். நான் சொன்ன பிறகு அண்ணன் வருடா வருடம் டிக் செய்கிறார். அந்த நிதியிலிருந்து பணம் வாங்கினால் செலவு வரம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். 1976 முதல் நவம்பர் தேர்தலுக்குப் பெரிய கட்சி வேட்பாளர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2008ல் ஒபாமா வேண்டாம் என்றார். மக்கேன் 8.4 கோடி டாலரை வாங்கிக்கொண்டு வரம்புக்குள் நிற்க, ஒபாமா மொத்தமாக 70 கோடிக்கு மேல் திரட்டினார். அதற்குப் பிறகு நவம்பர் தேர்தலுக்கு எந்தப் பெரிய கட்சி வேட்பாளரும் அந்த நிதியைத் தொட்டதில்லை. ஒபாமாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த முடிவுக்காக இன்றும் வருத்தம்தான். கட்டம் மட்டும் படிவத்தில் இருக்கிறது.

நான் 2021ல் குடியுரிமை வாங்கினேன். அந்த ஆகஸ்ட் தேர்தலுக்கு என் முதல் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. மேயர் தேர்தலுக்கும் வவுச்சர் கொடுத்த முதல் ஆண்டு அது. ஓட்டும் சீட்டும் இரண்டும் இருந்தது எனக்கு. உறையின் பின்னால் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். திருப்பவில்லை.

2025ல் மாடி வீட்டுப் பெண்ணுக்கு 18 ஆனது. வாக்காளராகப் பதிவு செய்தாள், வவுச்சர் வந்தது, ஜூலையில் வாக்குச்சீட்டும் வந்துவிட்டது. அண்ணன் அப்போதும் கிரீன் கார்டு வரிசையில்தான் இருந்தார். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி வவுச்சர் திட்டத்தைப் பற்றியே: இன்னும் பத்து ஆண்டுகளுக்கு, மொத்தம் 4.5 கோடி டாலர் சொத்து வரியில், தொடரலாமா?

அன்று மாலை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதே மேசை. அண்ணன் லேப்டாப்பில் வெளிப்படைத் தளத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் யார் யார் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெயருக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. அவள் வாக்காளர் கையேட்டில் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். 'நீங்க யாருக்குப் போடுவீங்கப்பா?' என்றதற்கு அவர் பதில் சொல்லவில்லை, 'நீ பாத்துக்க' என்றார். கடைசியில் வவுச்சர் கேள்விக்கு வந்தபோது அவள் பேனாவை எடுத்தாள், யாரையும் கேட்கவில்லை. 'ஆம்' பக்கத்து வட்டத்தை ஓரம் விடாமல் கறுப்பாக நிரப்பினாள்.

திட்டம் ஜெயித்தது.